குழாயில் சப்வூஃபர் கட்டலாமா? கையில் 250 வெள்ளிதான்

சிப்புட் பையன் எழுதியது:

வணக்கம் அண்ணன்மாரே. நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) இருக்கிறேன். வீட்டில் பழைய ஸ்டீரியோ ஒன்று உண்டு. குரலும் வீணையும் அழகாகக் கேட்கும், அடிதான் இல்லை. தவிலும் உருமியும் வரும் இடத்தில் மேலாகத் தட்டிவிட்டுப் போகிறது, நெஞ்சில் இறங்குவதில்லை. அடி ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபரைக் கடையில் வாங்க என் சம்பளத்துக்குக் கட்டாது. கையில் இருப்பது 250 வெள்ளி (ரிங்கிட்).

மாமா தன் காரிலிருந்து கழற்றிக் கொடுத்த 8 அங்குல சப் ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது, 4 ஓம். கால்வாய் வேலை செய்யும் கண்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கிய சாம்பல் நிற பிவிசி குழாய்த் துண்டும் இருக்கிறது. உள்விட்டம் 25 சென்டிமீட்டர், நீளம் மூன்றரை அடி. இதை வைத்து ஒழுங்கான சப்வூஃபர் கட்ட முடியுமா, இல்லை பலகைப் பெட்டிதான் சரியா?

கிந்தா ஒலி எழுதியது:

தாராளமாக முடியும் தம்பி. உன்னைப் போல் கையைக் கடித்துக்கொண்டு செலவு செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே குழாயைத்தான்.

காரணம் இதுதான். சப்வூஃபர் ஓடும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சதுரப் பெட்டியில் அந்த அழுத்தம் பலகையின் நடுவைப் பிடித்துத் தள்ளும். பலகை வளையும், வளைந்தால் அதுவும் சேர்ந்து முனகும். அதை அடக்கத்தான் தடித்த பலகை, உள்ளே குறுக்குச் சட்டம் என்று காசு போகிறது. வட்டக் குழாயில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக விழும். சுவர் வளைய வழியில்லை, விரிந்தால்தான் உண்டு, அந்த அளவு அழுத்தத்துக்கு பிவிசி விரியாது. அமெரிக்காவில் கான்கிரீட் தூண் வார்க்கும் அட்டைக் குழாயிலேயே பல வருடங்களாக சப்வூஃபர் கட்டி வருகிறார்கள். வெறும் அட்டையே தாங்குகிறது.

குழாயின் பலவீனம் இரண்டு முனைகளில்தான். மூடி தட்டையாக இருக்கிறதே, பெட்டியின் தொல்லை முழுக்க அங்கே வந்து உட்கார்ந்துவிடும். மிச்சம் பிடித்த காசை அங்கே போடு. 18 மில்லி ப்ளைவுட்டில் இரண்டு வட்டம் வெட்டி, ஒன்றாக ஒட்டி 36 மில்லி ஆக்கு. மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு ஓரம் உப்பிவிடும், திருகு பிடிக்காது.

இன்னொன்று, குழாயை இப்போதே அறுத்துவிடாதே. ஸ்பீக்கரின் மூன்று எண் தெரிய வேண்டும். அது தானாக அதிரும் அலைவெண் எஃப்எஸ். அந்த அதிர்வை அதுவே எவ்வளவு அடக்கும் என்பது க்யூடிஎஸ். கோனை, அதாவது முன்னால் அசையும் கூம்பை, பிடித்திருக்கும் தொங்கலின் இளக்கத்துக்கு ஈடான காற்றின் கொள்ளளவு வாஸ். நெவில் தீல் என்பவர் 1961ல் ஆஸ்திரேலியாவில் இந்தக் கணக்குக்கு அடி போட்டார், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் விரித்து எழுதினார். அதற்கு முன்பெல்லாம் பெட்டி அளவைக் குத்துமதிப்பாகப் போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று வின்-ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் அந்த மூன்று எண்ணைக் கொடுத்தால் கோடு போட்டுக் காட்டும். காந்தத்தின் பின்னால் மாடல் எண் இருக்கிறதா பார்.

சிப்புட் பையன் எழுதியது:

ஸ்டிக்கர் கிழிந்து போயிருக்கிறது அண்ணே, ஒரு எழுத்தும் தெரியவில்லை.

கம்பார் வயர்மேன் எழுதியது:

எண் இல்லாவிட்டால் அளந்துகொள்ளலாம் தம்பி. ஒரு மல்டிமீட்டர், 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, கைப்பேசியில் சுருதி எழுப்பும் செயலி, உன் பழைய ஸ்டீரியோ, இவ்வளவு போதும். ஆம்ப்பிலிருந்து வரும் வயரில் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு ஸ்பீக்கரில் இணை. ஸ்பீக்கரை எதிலும் அடைக்காமல் காற்றில் பிடித்து வை. 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டைப் பார். ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். உச்சம் தொட்ட இடம்தான் எஃப்எஸ். அந்த உச்சம் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதிலிருந்து க்யூடிஎஸ் வரும், சூத்திரம் இணையத்தில் கிடைக்கும்.

வாஸ் கண்டுபிடிக்க கோன் மேல் கொஞ்சம் எடை ஏற்ற வேண்டும். 20 காசு நாணயங்களை ஒட்டுக்களிமண்ணால் கோனின் நடுவைச் சுற்றி ஒட்டு. எஃப்எஸ் நான்கில் ஒரு பங்காவது இறங்கும் வரை சேர்த்துக்கொள். பிறகு நாணயம், களிமண் எல்லாவற்றையும் எடுத்துப் போய் டவுன் நகைக்கடைத் தராசில் நிறுத்துத் தரச் சொல். கிராம் சுத்தமாக இருந்தால்தான் வாஸ் சுத்தமாக வரும்.

செம்பனைச் சாலை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குழாய் என்றாலே எனக்கு நினைவு வருவது கால் அலைக் குழாய். இரண்டு முனையையும் மூடி உருளைப் பெட்டியாக்குவதை விட, நீளக் குழாயின் ஒரு முனையில் ஸ்பீக்கரை வைத்து மறுமுனையைத் திறந்து விடுங்கள். குழாயின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருந்தால் அந்தச் சுருதியில் குழாயே பாட ஆரம்பித்துவிடும். நம் வெயிலுக்கு ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர். 36 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் குழாய் 2.4 மீட்டர், அதாவது 8 அடி. முழங்கை போட்டு மடித்துச் சுவரோரம் படுக்க வைக்கலாம். நான் ஆறரை அங்குல ஸ்பீக்கரை 6 அங்குலக் குழாயில் இப்படித்தான் கட்டியிருக்கிறேன். அடியில் ஒரு இனிமை இருக்கிறது, மற்றதில் அது கிடைக்காது என்பது என் துணிபு.

கிந்தா ஒலி எழுதியது:

செம்பனைச் சாலை சொல்வது சரிதான், ஆறரை அங்குலத்துக்கு 6 அங்குலக் குழாய் நல்ல ஜோடி. கோனின் பரப்பும் குழாயின் பரப்பும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. தம்பியின் 8 அங்குலத்தை 10 அங்குலக் குழாயில் அப்படிப் போட வேண்டுமானால் 8 அடி நீளத்துக்குப் பெரிய குழாய் வேண்டும், அது இலவசமாகக் கிடைக்காது, தாமான் வீட்டு முன்னறையில் அடங்கவும் அடங்காது. போதாததற்குத் திறந்த குழாய் அதன் அடிச் சுருதியின் மூன்று மடங்கிலும் ஐந்து மடங்கிலும் சேர்ந்து பாடும். அதை அடக்க முதல் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்காவது பஞ்சு அடைக்க வேண்டும். அதுவும் பாலியஸ்டர் பஞ்சாக இருக்கட்டும். பழைய தலையணை இலவம்பஞ்சைப் போட்டால் ஈரம் பிடித்துக் கட்டிக்கொள்ளும், பூச்சியும் வரும்.

கையில் இருக்கும் துண்டுக்கு, இரண்டு முனையும் மூடிய உருளைப் பெட்டியும், காற்று போய் வர அதில் சிறு குழாய் வைத்த காற்றுத் துளையும்தான் பொருத்தம் என்பேன்.

செம்பனைச் சாலை எழுதியது:

இடம் இல்லை என்றால் சரி. இருந்தாலும் ஒரு நாள் ஈப்போ பக்கம் வந்தால் என் குழாயைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

சிப்புட் பையன் எழுதியது:

அளந்துவிட்டேன். எஃப்எஸ் 36 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.42, வாஸ் 32 லிட்டர். நகைக்கடை அக்கா நாணயங்களை நிறுத்துக் கொடுத்ததோடு எதற்கு என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கிந்தா ஒலி எழுதியது:

அருமையான எண்கள். துளை போட்ட பெட்டிக்கென்றே அளவெடுத்த ஸ்பீக்கர் இது. 34 லிட்டர் கொள்ளளவு, துளைக் காற்று 34 ஹெர்ட்ஸில் அதிரும்படி சுருதி சேர்ப்போம்.

உன் குழாயின் குறுக்குப் பரப்பு 491 சதுர சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு 49 லிட்டர் பிடிக்கும். காற்றுக்கு 34 லிட்டர் வேண்டும், ஸ்பீக்கரின் உடம்பு ஒன்றரை லிட்டர் இடம் எடுக்கும், துளைக்குழாய் இன்னொரு ஒன்றரை எடுக்கும். ஆக 37 லிட்டர், உள்நீளம் 75 சென்டிமீட்டர்.

துளைக்குழாயின் கணக்கு: விட்டத்தின் வர்க்கத்தை 23562.5 ஆல் பெருக்கி, சுருதியின் வர்க்கத்தையும் லிட்டரையும் பெருக்கி வந்த எண்ணால் வகு. அதிலிருந்து விட்டத்தின் 0.73 பங்கைக் கழி. விட்டமும் நீளமும் சென்டிமீட்டரில். 3 அங்குலக் குழாய், உள்விட்டம் 7.5 என்றால் நீளம் 28 சென்டிமீட்டர் வருகிறது. 4 அங்குலக் குழாய் போட்டால் 53 சென்டிமீட்டர் ஆகிவிடும். 75 சென்டிமீட்டர் உடம்புக்குள் 53 சென்டிமீட்டர் குழாய் ஸ்பீக்கரின் முதுகில் போய் இடிக்கும். துளை சிறுத்தாலோ காற்று புஸ்புஸ் என்று சத்தம் போடும். வேகம் நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டாமல் இருந்தால் காதில் விழாது என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. உன் வாட்டுக்கு 3 அங்குலம் போதும், வாய் ஓரத்தை மட்டும் அரத்தால் தேய்த்து உருட்டிவிடு. சூடு காட்டி விரிக்க வேண்டாம், பிவிசி கருகினால் வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது.

பலகைக்காரர் எழுதியது:

கட்டும் வேலையைப் பற்றி நான் சொல்கிறேன், இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

குழாயை நேராக அறுக்க, பெரிய நாளிதழ் தாள் ஒன்றை எடுத்துக் குழாயைச் சுற்று. தாளின் ஓரம் தன் மேலேயே சரியாக வந்து விழ வேண்டும். விழுந்துவிட்டால் அந்த ஓரம் குழாயைச் சுற்றி நேர்கோடு. மார்க்கரால் கோடு போட்டு, நுண்பல் ரம்பத்தால் குழாயைச் சுற்றிச் சுற்றி மெல்ல அறு. ஒரே பக்கத்தில் ஆழமாக இறக்கினால் கோடு விலகிவிடும். மூக்குக்கு முகமூடி கட்டாயம்.

மூடியைப் பொறுத்தவரை, கீழ் வட்டம் குழாய்க்குள் சிக்கென இறங்க வேண்டும், மேல் வட்டம் குழாயின் வெளி ஓரத்தில் உட்கார வேண்டும். 8 அங்குல ஸ்பீக்கரின் சட்டம் 21 சென்டிமீட்டருக்கு மேல் வரும், ஆகவே திருகு மேல் வட்டத்தில்தான் இறங்கும். மரப்பசை பிவிசியில் பிடிக்காது. பியூ (பாலியூரித்தேன்) பசை வாங்கு, அதற்கு மேல் வெளியிலிருந்து சுற்றிலும் எட்டுத் திருகு. உள்விளிம்பில் சிலிக்கோன் இழுத்துவிடு. சிலிக்கோன் முழுக்கக் காய்ந்து புளிப்பு வாடை போன பிறகுதான் ஸ்பீக்கரைப் பொருத்த வேண்டும், அந்த ஆவி ஸ்பீக்கரின் பசைக்கும் கம்பிக்கும் நல்லதில்லை.

ஸ்பீக்கர் சட்டத்துக்கு அடியில் வைக்க ரப்பர் வளையம் தேடி அலைய வேண்டாம். மோட்டார் கடையில் கிழிந்த டியூப் கேள். டியூபை நீளவாக்கில் பிளந்து, சட்டத்தின் அளவுக்கு வெட்டினால் காற்று கசியாது. பொருத்திய பின் துளையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு கோனை மெல்ல அமுக்கி விடு. உடனே எகிறி வந்தால் எங்கோ ஓட்டை. சோம்பலாகத் திரும்பி வந்தால் அடைப்பு சரி.

கம்பார் வயர்மேன் எழுதியது:

மின்சாரப் பக்கம். டிபிஏ3116 சில்லு உள்ள மோனோ ஆம்ப் பலகை, தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டர் சேர்ந்ததாக வாங்கு. பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர் அதற்குப் போதும். 19 வோல்ட்டில் 4 ஓமுக்கு அதிகபட்சம் 45 வாட்தான் கணக்கில் வரும், வீட்டுக்கு அது நிறைய. சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ள அடாப்டராக இருக்கட்டும். 240 வோல்ட்டை நேராகக் குழாய்க்குள் கொண்டுபோகிற வேலை வேண்டவே வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.

உன் ஸ்டீரியோவில் சப்வூஃபருக்குத் தனி வழி இருக்காது. ஸ்பீக்கருக்குப் போகும் பலத்த சிக்னலை ஆம்ப் பலகைக்கு ஏற்றபடி இறக்கித் தரும் ஹை-லோ கன்வர்ட்டர் காருக்கு விற்கிறார்கள், அதை ஸ்பீக்கர் முனையில் இணைத்து அங்கிருந்து எடு, ஸ்டீரியோவின் ஒலியைக் கூட்டினால் சப்வூஃபரும் கூடவே வரும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள வகையாகக் கேட்டு வாங்கு. சில ஸ்டீரியோக்களின் கறுப்பு முனை எர்த் கிடையாது, அதை எர்த்தோடு சேர்த்தால் ஆம்ப் போய்விடும்.

உருமிக்காரன் எழுதியது:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. நாங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வாசிக்கிறோம். உருமியின் அந்த இழுப்பு ஸ்பீக்கரில் வரவே மாட்டேன் என்கிறது. இதே குழாயை இரண்டாகக் கட்டித் திடலில் வைத்தால் தாங்குமா?

கிந்தா ஒலி எழுதியது:

தாங்காது அண்ணே. வீட்டுக்குள் நான்கு சுவரும் சேர்ந்து அடியைத் தூக்கிக் கொடுக்கும், திடலில் அந்த உதவி கிடையாது. வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் விழும், அதை ஈடுகட்ட நான்கு மடங்கு வாட் வேண்டும். சுருதி பாதியாக இறங்கினால் அதே ஒலிக்கு கோன் நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 8 அங்குலத்தால் அது ஆகாது. திடலுக்கு 15, 18 அங்குலத்துக்காரர்களிடம் வாடகைக்கு எடுப்பதுதான் மேளத்துக்கு மரியாதை. மைக் எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். உருமியின் இழுப்பு வரும் முகத்துக்குத் தனி மைக் இல்லாவிட்டால் எந்த சப்வூஃபர் வந்தும் பயனில்லை.

பக்கத்துச் சுவர் அக்கா எழுதியது:

தம்பிமார்களே, நான் ஸ்பீக்கர் கட்டுகிறவள் இல்லை. ஆனால் சுவரின் இந்தப் பக்கம் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். எங்கள் வரிசையில் பாதிப் பேர் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பகலில் தூங்குகிறவர்களுக்குப் பாட்டு கேட்பதில்லை, அந்த 'தும் தும்' மட்டும் கட்டிலில் ஏறி வருகிறது. முட்டைத் தட்டு ஒட்டினால் நின்றுவிடும் என்று ஒரு தம்பி ஒட்டினான், ஒன்றும் நிற்கவில்லை. இதற்கு வழி இருக்கிறதா?

கிந்தா ஒலி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியது நல்லது. இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான். 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்கு மேல். முட்டைத் தட்டும் திரைச்சீலையும் அதற்கு இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. ஒற்றைச் செங்கல் சுவரே அதை முழுக்க நிறுத்தாது.

கேட்கிறவர் பக்கத்தில் வைப்பது ஒன்றுதான் உண்மையில் உதவும். தம்பி, சப்வூஃபரை அறையின் மூலையில் வைத்தால் அடி கூடும், பக்கத்து வீட்டுக்கும் கூடும். உன் நாற்காலிக்கு அருகில், பொதுச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தால் பாதி ஒலியிலேயே உனக்கு நிறைவாக இருக்கும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் தரை வழியாகப் போவதும் குறையும். இதற்கு மேல் பேச்சுதான். யாருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டு வைத்துக்கொள்.

சிப்புட் பையன் எழுதியது:

கட்டி முடித்தாயிற்று! இரண்டு பக்கத்து வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு, மாலையில் ஓடவிட்டேன்.

சுருதி சேர்ந்ததா என்று பார்க்க வயர்மேன் அண்ணன் தனிச்செய்தியில் சொன்ன வழியைச் செய்தேன். கோன் நடுவில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி. 50 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து மெதுவாக இறக்கினேன். புள்ளி முதலில் மங்கலாக அதிர்ந்தது. இறங்க இறங்க அதிர்வு சுருங்கி, 35 ஹெர்ட்ஸில் புள்ளி அப்படியே நின்றுவிட்டது. ஸ்பீக்கர் அணைந்துவிட்டதோ என்று நினைத்தேன். துளை வாயருகே ஊதுபத்தியைக் கொண்டுபோனால், நேராக ஏறிக்கொண்டிருந்த புகை உடைந்து முன்னும் பின்னும் அடித்தது. கோன் சும்மா இருக்கிறது, காற்று வேலை செய்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். 30க்குக் கீழே இறக்கியதும் கோன் கன்னாபின்னாவென்று ஆடியது, உடனே நிறுத்திவிட்டேன்.

செலவு: ஆம்ப் பலகை, கன்வர்ட்டர், ப்ளைவுட் துண்டு, 3 அங்குலக் குழாய், பசை, திருகு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 190 வெள்ளிக்குள். அடாப்டர் வீட்டிலேயே இருந்தது. ஸ்பீக்கர் தரையைப் பார்த்து நிற்கிறது, அடியில் 7 சென்டிமீட்டர் கால்.

தவில் இப்போது தவிலாகக் கேட்கிறது. ஆனால் ஆண் குரல் வரும்போது கொஞ்சம் கனமாக, மூக்கடைத்த மாதிரி இருக்கிறது. ஏன்?

கம்பார் வயர்மேன் எழுதியது:

30க்குக் கீழே ஆடியது எதிர்பார்த்ததுதான். சுருதிக்குக் கீழே துளை காற்றைப் பிடித்து வைக்காது, கோனுக்குப் பிடிமானம் போய்விடும். 28 ஹெர்ட்ஸ் அளவில், அதற்குக் கீழே உள்ளதைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்று போட்டால் ஸ்பீக்கர் நீண்ட நாள் உழைக்கும். பாட்டில் அதற்குக் கீழே அநேகமாக ஒன்றும் இல்லை.

குரல் கனப்பது லோ-பாஸ் ஃபில்டர் மேலே நிற்பதால். எந்த இடத்தில் வைத்திருக்கிறாய்?

சிப்புட் பையன் எழுதியது:

குமிழ் நடுவில். 120 என்று போட்டிருக்கிறது.

கம்பார் வயர்மேன் எழுதியது:

80க்கு இறக்கு. இறக்கிவிட்டு ஸ்பீக்கர் வயர் இரண்டையும் ஒரு முறை மாற்றிப் போட்டுப் பார். எது நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரியான இணைப்பு.

பலகைக்காரர் எழுதியது:

அடிப்பலகை குழாயை விட அகலமாக இருக்கிறதா? கால் வைத்தால் உயரம் முக்கால் மீட்டரைத் தாண்டும். ஓடி விளையாடும் பிள்ளை இடித்தால் சாயக் கூடாது. 35 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றைக் கால்களுக்கு அடியில் திருகிவிடு.

சிப்புட் பையன் எழுதியது:

80க்கு இறக்கி வயரையும் மாற்றினேன், குரல் சுத்தமாகிவிட்டது. அடிப்பலகை வெட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி, சனிக்கிழமை மாலையில் போட்டால் தனக்கும் கேட்க வேண்டும், கதவைத் திறந்து வை என்றார்.

உருமிக்காரன் எழுதியது:

தம்பி, எனக்கு வீட்டுக்கு ஒன்று கட்ட வேண்டும். 6 அங்குலக் குழாய் மூன்றடியும் நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் இருக்கிறது. முடியுமா?

கிந்தா ஒலி எழுதியது:

6 அங்குலக் குழாய் மீட்டருக்கு 17.7 லிட்டர் பிடிக்கும், மூன்றடிக்கு 16 லிட்டர். நான்கு அங்குலத்துக்கு அதுவே அதிகம். ஸ்பீக்கரை வயர்மேன் சொன்ன மாதிரி அளந்து மூன்று எண்ணையும் இங்கே போடுங்கள் அண்ணே, பிறகு அறுக்கலாம்.